அகப்படமும் புறப்படமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கியத் தொடரிலே இன்று புகைப்படக் கலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழாசிரியர் ஒருவருக்குக் கமெராவோடு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. எமது மாணவரிற் பலர் இன்று ஒரு நாளில் எழுதும் வரிகளைவிட எடுக்கும் படங்களே அதிகம். எழுத்துக்கு இலக்கணம் கற்பிக்கிறோம். எந்தச் சொல்லை எங்கே வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஆண்டுக்கணக்கிற் பயிற்சி கொடுக்கிறோம். படத்துக்கு அப்படி ஒரு நாட் பயிற்சியும் கொடுப்பதில்லை. கையிலே கைத்தொலைபேசி இருக்கிறது. அழுத்தினால் படம் விழுகிறது. அடுத்த நிமிடம் அது வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விடுகிறது. எழுதிய தாளைக் கிழித்துப் போடலாம். போன படத்தைத் திருப்பி அழைக்க முடியாது. ஆகவே இது மொழியாசிரியரின் கவலையும்தான்.

சமகாலப் புகைப்படக் கலைஞர்கள் மாணவர்களைச் சந்தித்துத் தமது படைப்பு முறை பற்றி உரையாடும் வழக்கம் அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது. சென்னையில் 2016ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வதேசப் புகைப்பட விழா ஒன்று நடைபெற்று வருகிறது. கண்காட்சியோடு உரைகளும் பயிற்சி வகுப்புகளும் அங்கு இடம்பெறுகின்றன. கொழும்பிலே 2019 டிசம்பரில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அது இயங்குகிறது. அதன் முதற் கண்காட்சியின் பெயர் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தமிழிலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இத்தகைய சந்திப்புகளிலே மாணவர் கேட்கும் முதற் கேள்வி எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். "நீங்கள் எந்தக் கமெரா பாவிக்கிறீர்கள்?" கவிஞர் ஒருவரிடம் போய் "எந்தப் பேனையால் எழுதுகிறீர்கள்?" என்று கேட்பதைப் போன்றது இது. கேட்பதில் தவறில்லை, ஆனால் அந்தப் பதிலைக் கொண்டுபோய் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? அதுவே இன்றைய உரையின் பொருள்.

முதலில், பெயர் பெற்ற கலைஞர் சிலர் தமது கலையை எவ்வாறு பயின்றனர் என்பதைப் பார்ப்போம்.

எமது நாட்டின் லயனல் வென்ட் 1900இல் கொழும்பிற் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் போய்ச் சட்டமும் பியானோவும் கற்றுத் திரும்பினார். முப்பது வயதுக்குப் பின்னரே புகைப்படத்தில் முழுமையாக ஈடுபட்டார். 1934இல் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' என்ற ஆவணப் படத்தில் ஒலிக்கும் விவரணைக் குரல் அவருடையது. 1943இல் உருவான '43 குழு'வின் மையமாக இருந்தவரும் அவரே. அடுத்த ஆண்டிலேயே காலமானார். அவருடைய நெகற்றிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளைக் கொண்டே 1950இல் அவரது படத்தொகுதி நூலாயிற்று. பியானோவில் ஒரே பகுதியை நூறு தடவை திருப்பி வாசித்துப் பழகிய ஒருவர், இருட்டறையிலும் அந்தப் பொறுமையைக் கைவிட்டிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒளியையும் நிழலையும் வைத்து அவர் செய்த பரிசோதனைகள் அதற்குச் சான்று.

இந்தியாவின் தயானிதா சிங் 1980களின் தொடக்கத்தில் மாணவியாக இருந்தபோது தபேலா மேதை ஸாகிர் ஹுஸைனைப் படமெடுக்கச் சென்றவர். சென்றவர் ஒரு நாளோடு திரும்பி வரவில்லை. பல ஆண்டுகள் குளிர்காலந்தோறும் அந்தக் கலைஞர் செல்லும் கச்சேரிகளுக்கெல்லாம் உடன் சென்றார். அதன் பயனாக 1986இல் அவரது முதல் நூல் வெளிவந்தது. சாதகம் என்றால் என்ன, ஒன்றிலே மனத்தை நிறுத்துவது என்றால் என்ன என்பதை அந்த இசைக் கலைஞரிடமே கற்றதாக அவர் சொல்லி வந்திருக்கிறார். 2022இல் உலகப் புகழ்பெற்ற ஹஸ்ஸல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டில், கிராமிய இந்தியாவின் மக்கள் ஆவணகமாகிய 'பாரி'யும் தயானிதா சிங்கும் இணைந்து ஆவணப் புகைப்படத்துக்கான விருதொன்றை ஏற்படுத்தினர். அதைப் பெற்றவர் மதுரைப் பக்கத்து இளைஞர் மு. பழனிக்குமார். மீன் விற்கும் தாயின் மகன். பொறியியல் படித்தவர். கடன்பட்டுத் தமது முதற் கமெராவை வாங்கியவர். 2017இல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளர். இராமநாதபுரக் கரையிலே கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும், மலக்குழிகளில் இறந்த துப்புரவுத் தொழிலாளரின் குடும்பங்களையும் அவர் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். தாம் எடுப்பதோடு நில்லாமல், வட சென்னைப் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புகைப்படக் கலையைக் கற்பித்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சிக்கும் கொண்டுவந்திருக்கிறார். இன்று நாம் பேசும் பொருளுக்கு இவரைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இம்மூவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. படம் என்பது பொத்தானை அழுத்தும் கணத்திற் பிறப்பதில்லை. அதற்கு முன்னே கழிந்த நாட்களிற் பிறக்கிறது. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே என்ன உறவு என்பதிற் பிறக்கிறது. ஆகவே கலைஞரிடம் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் படத்திலுள்ளவர் உங்களுக்கு யார்? உங்களை அவர் எப்படி உள்ளே விட்டார்?" என்பதாகும்.

இந்தக் கேள்வி எமது கரைக்கு ஏன் முக்கியமானது என்பதைச் சொல்கிறேன்.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இக்கரையை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டது. இலங்கையில் அதிகமான உயிர்கள் பலியான மாவட்டம் அம்பாறைதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகத்துக் கமெராக்கள் எல்லாம் அப்போது இங்கே வந்தன. அந்தப் படங்கள் தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அவற்றைப் பார்த்துத்தான் உலகம் இரங்கியது. உணவும் மருந்தும் கூடாரமும் வந்தன. ஆனால் தலைத்துணியும் கடலோடு போன நிலையில் மகனைத் தேடி நின்ற ஒரு தாயிடம், "உங்கள் முகத்தை எடுக்கலாமா?" என்று கேட்க அன்று எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்த முகங்கள் இன்றும் எங்கெங்கோ கணினிகளிற் கிடக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் எம்மத்தியில் சந்தைக்குப் போகிறார்கள், வருகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சனிக்கிழமைகளில் நான் நடத்தும் உயர்தரத் தமிழ் வகுப்புக்கு இரு சமூகத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருமுறை, வீட்டிலுள்ள பழைய குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். உட்பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளிற் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு மாணவன் எழுந்து சொன்னான்: "எங்கட ஊட்ட சுனாமிக்கு முந்தின படம் ஒண்டும் இல்ல சேர். வாப்பா உம்மாட கலியாணப் படமும் கடலோட போயிற்று. மூத்தப்பாட முகம் எப்படியெண்டு எனக்குத் தெரியா."

சிந்தித்துப் பாருங்கள். துக்கத்தின் முகங்கள் உலகிடம் இருக்கின்றன; மகிழ்ச்சியின் முகங்கள் எம்மிடம் இல்லை. கேட்காமல் எடுத்தவை எஞ்சின. கேட்டு, உடுத்து, சிரித்து எடுத்தவை அழிந்தன. இந்தக் கரையிலே கமெராவைத் தூக்கும் பிள்ளை இதை அறிந்துகொண்டுதான் தூக்க வேண்டும்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. உருவப்படம் பற்றி எமது முஸ்லிம் சகோதரர் மத்தியிலே பல்வேறு கருத்துகள் உண்டு. அந்த மார்க்க விளக்கத்துக்குள் நுழைய எனக்குத் தகுதியில்லை. ஆனால் மார்க்கத்துக்கு அப்பாலும், வீட்டுப் பெண்களின் முகம் வெளியிற் போகக்கூடாது என்ற எண்ணம் இங்கே பொதுவானது. தமிழ்க் குடும்பங்களிலும் அது இல்லாமலில்லை. இதை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட்டுக் கலை வளர்க்க முடியாது. அவ்வாறெனில் முகம் காட்டாத ஓர் ஊரிலே புகைப்படக் கலைக்கு இடமுண்டா?

இடமுண்டு என்பதை எனக்கு உணர்த்தியவர் மருதமுனையைச் சேர்ந்த ஒரு நெசவுத் தாய்.

நெய்தல் திணையைப் படிப்பித்தபோது, எமது கரையைக் காட்டும் ஒரு படம் எடுத்து வாருங்கள் என்று மாணவரைக் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சூரியோதயத்தைக் கொண்டுவந்தார்கள். மருதமுனை மாணவி ஒருத்தி மட்டும், வீட்டுத் தறியிலே உம்மா நெய்வதை எடுக்கப் போகிறேன் என்றாள். உம்மாவோ, "தறிய எடு மகள், என்ன எடுக்காத" என்று சொல்லிவிட்டார். அவள் விட்டுவிடவில்லை. கைகளை மட்டும் எடுக்கட்டுமா என்று கேட்டு, சம்மதம் பெற்று, பாவு நூலுக்கு மேலே கை ஓடுவதை எடுத்தாள். நல்ல படம். உம்மாவிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேணாம். மோதிரம் தெரியிது. ஊருக்கே தெரியும் இது ஆர்ர கை எண்டு" என்றாராம். பின்னர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரே தறியில் அமர்ந்து, "இப்ப எடு" என்றாராம்.

மாணவி இதை வகுப்பிற் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது.

அகத்திணைப் பாடல்களிலே தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. காதலும் பிரிவும் ஏக்கமும் இருக்கும், பெயர் இராது. பெயர் வந்துவிட்டால் அது புறம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, பிரிந்த தலைவனை எண்ணி வாடும் தலைவியைப் பாடுவது. பாட்டு முழுவதிலும் அரசனின் பெயர் இல்லை. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகம் என்று கொள்ளவில்லை. என்ன காரணம்? பாசறையிலே வீரன் ஒருவன் ஏந்தி வரும் வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு தழை போதும், தலைவன் யாரென்று காட்டிக்கொடுக்க. ஆகவே அது புறம் என்றார்.

நேயர்களே, நச்சினார்க்கினியருக்கு வேப்பந்தழை எதுவோ, அந்த மருதமுனைத் தாய்க்கு மோதிரம் அது. தொல்காப்பியம் படித்தறியாத ஒரு பெண், முகம் இல்லாவிட்டாலும் ஓர் அடையாளம் பெயரைச் சொல்லிவிடும் என்ற நுட்பத்தை அறிந்திருக்கிறார். தமிழ்க் கவிதை மரபு பெயரை மறைத்ததால் வறுமைப்பட்டுப் போகவில்லை. மறைத்ததனாலேதான், யாரோ ஒருத்தியின் துயர் ஒவ்வொருவரின் துயராயிற்று. மோதிரம் கழற்றிய அந்தக் கைகளும் அப்படித்தான். மருதமுனையிலே தறியிற் குந்திய எல்லாத் தாய்மாரின் கைகளாகவும் அவை ஆகிவிட்டன.

இதை நான் அகப்படம் என்று பெயரிட்டு அழைக்க விரும்புகிறேன். வீடு, உறவு, துயர், அந்தரங்கம் ஆகியவற்றைக் காட்டும் படம் அகப்படம். அதிலே ஆளை அடையாளம் காட்டாமல் இருப்பது கலைஞரின் கடமை. இது பழமைவாதமன்று. எமது நாட்டின் சமகாலக் கலைஞர் அனோலி பெரேரா 2010-2011 காலத்தில் செய்த புகைப்பட வரிசையொன்றில், பெண்கள் பழைய ஸ்ரூடியோப் படங்களில் அமர்வதைப் போல நேராக அமர்ந்திருப்பர். ஆனால் கூந்தல் முன்னே விழுந்து முகத்தை முழுவதும் மறைத்திருக்கும். பார்க்க வந்தவருக்கு முகம் கொடுக்க மறுப்பதே அங்கு எதிர்ப்புக் குரலாகிறது. முகம் தெரியாத அந்தப் படங்கள் பேசுவதைப் போல முகம் தெரியும் படங்கள் பல பேசுவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். பெயர் இல்லாமை எல்லாம் மரியாதை ஆகிவிடாது. ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலப் பெண்மணி புகைப்பட வரலாற்றிலே பெரும் புகழ் பெற்றவர். இங்கிலாந்திலே கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படமெடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறைப் பக்கத்திலே அவர் எடுத்த உள்ளூர் மக்களின் படங்கள் சில எஞ்சியுள்ளன. டெனிசன் டெனிசனாகவே நிற்கிறார். டார்வின் டார்வினாகவே நிற்கிறார். எம்மவரோ 'குடியானவர்' என்பன போன்ற பொதுப் பெயர்களோடு நிற்கிறார்கள். அவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. அவர்களின் பெயர் பதியப்படவில்லை. மறைக்கும்படி கேட்டு மறைப்பது வேறு. கேட்கவே தோன்றாமல் விடுவது வேறு. முன்னது அகத்தின் ஒழுக்கம், பின்னது அலட்சியம்.

இங்கேதான் புறப்படம் வருகிறது. புறப்பாட்டிலே பெயர் வேண்டும். எந்த வேந்தன், எந்த ஊர், எந்தப் போர் என்று சொல்ல வேண்டும். நடுகல்லிலே வீரனின் பெயரைப் பொறித்தார்கள் அல்லவா? மலக்குழியிலே மூச்சடைத்து இறந்த தொழிலாளியின் படத்தைப் பழனிக்குமார் எடுக்கும்போது, அவர் பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் சேர்த்தே தருகிறார். ஏனெனில் அந்த மரணத்தைப் பெயரற்றதாக்கி மறைப்பதே அங்கு நடக்கும் அநியாயம். பெயரைச் சொல்வதே அங்கு நீதி. கடற்பாசி எடுக்கும் பெண்ணும், தன் உழைப்பு உலகுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினால், பெயரோடும் முகத்தோடும் நிற்க அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கமெராவை உயர்த்துவதற்கு முன்னர், இது அகமா புறமா என்று உங்களையே கேளுங்கள். விடை தெரியாவிட்டால் எதிரே நிற்பவரைக் கேளுங்கள். முடிவு அவருடையது. பெயரைச் சொல்லும் உரிமையும் அவருடையதே. மறைக்கும் உரிமையும் அவருடையதே.

எமது கரையின் இயற்கையே இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறது. நாட்காட்டிகளில் வருவதைப் போலக் கடலுக்குள் சூரியன் விழும் காட்சியைக் கல்முனையில் எடுக்க முடியாது. எமக்குப் பொழுது கடலில் எழுந்து வயலுக்குள் விழுகிறது. காலையிலே கடலைப் பார்த்து நின்று கரைவலை இழுப்பவரை எடுத்தால், ஒளி அவருக்குப் பின்னாலிருந்து வரும். முகம் தெரியாது, உடலின் வளைவும் கயிற்றின் இழுவையும் கரிய உருவாகத் தெரியும். அதே இடத்திலே மாலையில் நின்றால், ஒளி எமது முதுகுப் பக்கத்திலிருந்து வந்து அவர் முகத்தில் விழும். முகத்தின் சுருக்கமும் உப்பும் தெரியும். காலை வெளிச்சம் அகப்படத்துக்கு. மாலை வெளிச்சம் புறப்படத்துக்கு. இதற்கு விலையுயர்ந்த கமெரா தேவையில்லை. எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்ற அறிவு போதும்.

திணை இலக்கணமும் இவ்விடத்தில் உதவுகிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அங்குள்ள மரம், பறவை, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது உணர்வு. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். மாணவர் கொண்டுவந்த சூரியோதயப் படங்களிலே நிலமும் பொழுதும் இருந்தன. தோணியும் காகமும் இருந்தன. உரிப்பொருள் இருக்கவில்லை. அழகாக இருந்தும் அவை மனத்திற் தங்காமைக்கு அதுவே காரணம். ஒரு படத்தை வகுப்பிலே வைத்து, இதன் முதல் எது, கரு எது, உரி எது என்று கேட்டுப் பாருங்கள். புகைப்படமும் விளங்கும், சங்க இலக்கியமும் விளங்கும்.

புறப்படத்துக்கு எமது கரையிலே இன்று அவசரமான வேலை ஒன்று காத்திருக்கிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தைத் தொடர்ந்து ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களிலே கடல் கரையை அரித்து வருவது யாவரும் அறிந்ததே. தென்னைகள் விழுந்தன, தோணி இழுத்து வைக்கும் இடமும் குறைந்தது. இதைப் பற்றிப் பேசுகிறோம், கூட்டம் கூடுகிறோம். ஆனால் ஒரே இடத்திலே நின்று, ஒரே திசையைப் பார்த்து, மாதத்துக்கு ஒரு படம் என்று எடுத்து, திகதியும் இடமும் குறித்து வைப்பது பாடசாலை மாணவர்களாலும் செய்யக்கூடிய வேலை. ஐந்து ஆண்டுகளில் அறுபது படங்கள். எந்த அதிகாரியின் முன்னும் வைக்கக்கூடிய சாட்சியம் அது. அங்கே பெயர், இடம், நாள் எதையும் மறைக்கக் கூடாது. அது புறம்.

அகத்துக்கும் ஒரு வேலை உண்டு. எமது ஊர்களிலே பழைய ஸ்ரூடியோக்களை நடத்தியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பெட்டிகளிலே நெகற்றிவ்கள் கிடக்கக்கூடும். தமிழ்நாட்டிலே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்ரூடியோப் படங்களை ஆயிரக்கணக்கிற் கணினிப் பிரதி செய்து பாதுகாத்திருக்கிறார்கள். அத்துணை பெரிய முயற்சி எம்மால் முடியாமற் போகலாம். ஆனால் மூத்தப்பாவின் முகம் தெரியாது என்ற அந்த மாணவனுக்கு, எங்கோ ஓர் அலுமாரியிலே அந்த முகம் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையாவது உண்டல்லவா? ஒரு நிபந்தனை. கிடைத்தால் அதை முகநூலிற் போடக்கூடாது. குடும்பத்தின் கையிலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது அவர்களின் அகம்.

ஸ்ரூடியோக்காரரை நான் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகைப்படக் கலைஞர் என்றதும் சென்னையையும் கொழும்பையும் நாம் நினைக்க வேண்டியதில்லை. கலியாண வீடுகளிலே எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது, எடுத்த படத்தை யாரிடம் கொடுக்கலாம் என்பதை நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் அறிந்த ஒருவர், உங்கள் ஊரின் பிரதான வீதியிலேயே இருப்பார். பெண்கள் பகுதியைப் படமெடுக்கும் பெண் படப்பிடிப்பாளரும் இப்போது இருக்கிறார்கள். பாடசாலைத் தமிழ் மன்றங்கள் தவணைக்கு ஒருவரை அழைத்து மாணவர்களோடு உரையாட வைக்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகளின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. காரைதீவிற் பிறந்த அந்த அடிகளார் இயலோடு நில்லாமல், இசைக்கு 'யாழ்நூல்' தந்தார். நாடகத்துக்கு 'மதங்க சூளாமணி' தந்தார். தமிழாசிரியர் தமிழோடு மட்டும் நிற்க வேண்டும் என்ற நியாயம் இந்தக் கரையிற் செல்லாது.

அவ்வாறு ஒரு கலைஞர் வரும்போது மாணவர்கள் மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருக்கட்டும். முதலாவது: இந்தப் படத்தை எடுப்பதற்கு முன்னர் இவரோடு எத்தனை நாள் பழகினீர்கள்? இரண்டாவது: எடுத்த பின்னர் இந்தப் படத்தை அவரிடம் காட்டினீர்களா, அவர் என்ன சொன்னார்? மூன்றாவது: எடுத்திருக்கக்கூடியதாக இருந்தும் நீங்கள் எடுக்காமல் விட்ட படம் எது, ஏன் விட்டீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல கவிஞர் ஒருவர் எழுதாமல் விட்ட சொல்லிலும் அவரது கவித்துவம் இருக்கிறது என்பார்கள். எடுக்காமல் விட்ட படத்திலேதான் அந்தக் கலைஞரின் மனிதத்தன்மை இருக்கும். அதை எந்தக் கமெராவிலும் வாங்க முடியாது. கேட்டுத்தான் பெற முடியும்.